பெண்களுக்கான நிதியில் தலித் பெண் எங்கே?

ராசிபுரம் பக்கம் கள ஆய்வுக்குப் போனபோது ஒரு அக்காவைச் சந்தித்தேன். அருந்ததியர். ஜவ்வரிசி ஆலையில் பல வருடம் கிழங்குத் தோல் உரித்தவர். ஆலையில் கழியும் திப்பியை வாங்கிப் பக்குவம் செய்து மாட்டுத் தீவனமாக விற்கிறார். ஈரத் திப்பி சீக்கிரம் புளித்துக் கெட்டுவிடும். அதைக் கெடாமல் வைத்திருக்கும் முறையை அவரே செய்து செய்து பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறார். "புதுசாக் கண்டுபிடிச்சுத் தொழில் பண்றவங்களுக்கு அரசாங்கம் பணம் தருதே அக்கா, நீங்க எழுதிப் போடலையா?" என்று கேட்டேன். "அதெல்லாம் படிச்ச புள்ளைங்களுக்கு கண்ணு. எங்களுக்குத்தான் குழுக் கடன் இருக்குதில்ல" என்றார்.

நம் அரசுகள் பெண்களை எப்படிப் பிரித்து வைத்திருக்கின்றன என்பதை அந்த அக்கா ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுத் திட்டம் 1989இல் தருமபுரியில்தான் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில், நாமக்கல் பிரியாத அன்றைய சேலம் மாவட்டத்துக்கு வந்தது. அது பெண்களுக்குக் கொடுத்த தைரியத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் முப்பத்தைந்து ஆண்டுகளாக நம் சேரிப் பெண்ணை அரசு கடன்காரியாக மட்டுமே பார்த்துப் பழகிவிட்டது. கடன் என்றால் தொழில் ஓடினாலும் ஓடாவிட்டாலும் தவணை கட்ட வேண்டும். புத்தாக்க நிதி அப்படி அல்ல. அது மானியமாகவோ பங்கு முதலீடாகவோ வருகிறது. முயற்சி தோற்றால் வீட்டு வாசலில் யாரும் வந்து நிற்க மாட்டார்கள். தோற்றுப் பார்க்கவும் ஒருவருக்கு உரிமை தருகிற பணம் அது. கடனில் தோற்றால் என்ன ஆகும் என்பதை 2025 ஜூலையில் பள்ளிப்பாளையத்தில் பார்த்தோம். கடனில் மூழ்கிய விசைத்தறித் தொழிலாளர்கள் சிறுநீரகத்தை விற்றிருந்தார்கள்.

தமிழ்நாடு அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. ஸ்டார்ட்அப் டிஎன் நடத்தும் 'டான்சீட்' ஆதார நிதியில் பொதுவாக 10 லட்சம் ரூபாய், பெண்கள் தலைமையிலான நிறுவனங்களுக்கு 15 லட்சம் என்று வைத்திருக்கிறார்கள். பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோரின் புத்தொழில்களில் முதலீடு செய்ய 2022-23 பட்ஜெட்டில் 30 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள், அடுத்த ஆண்டு அதை 50 கோடி ஆக்கினார்கள். 2023இல் வந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 35 விழுக்காடு மூலதன மானியமும் 6 விழுக்காடு வட்டி மானியமும் தருகிறது. இவை போராடிப் பெற்ற சமூகநீதி அரசியலின் விளைவுகள். வரவேற்கிறோம்.

ஆனால் பெண்களுக்கு ஒரு கதவு, பட்டியல் சாதியினருக்கு இன்னொரு கதவு என்று வைத்தால் தலித் பெண் எந்தக் கதவில் நிற்பாள்? இரண்டிலும் நிற்கலாம் என்பார்கள். முதல் கதவில் படித்த, நிலமுள்ள, ஆதிக்க சாதிப் பெண் அவளுக்கு முன்னால் நிற்கிறாள். இரண்டாவது கதவில் நம் ஆண்களே முன்னால் நிற்கிறோம்.

ஒன்றிய அரசின் ஸ்டாண்ட்அப் இந்தியா கணக்கைப் பாருங்கள். ஒவ்வொரு வங்கிக் கிளையும் குறைந்தது ஒரு பட்டியல் சாதி அல்லது பழங்குடியினருக்கும், குறைந்தது ஒரு பெண்ணுக்கும் 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை கடன் தர வேண்டும் என்று 2016 ஏப்ரலில் அறிவித்தார்கள். அன்று சொன்ன கிளைகளின் எண்ணிக்கை 1.25 லட்சம். ஏழு ஆண்டு கழித்து, 2023 மார்ச் வரை ஒப்புதலான கணக்குகள் 1,80,636. அதில் பெண்கள் 1,44,787. பட்டியல் சாதியினர் 26,889. பழங்குடியினர் 8,960. கிளைக்கு ஒருவர் என்ற கணக்கே ஏழு ஆண்டில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டவில்லை. பெண்களின் எண்ணிக்கை மட்டும் இலக்கைத் தாண்டிவிட்டது. இந்த மூன்று பெட்டியில் தலித் பெண் எதில் இருக்கிறாள் என்று அந்தக் கணக்கு சொல்லவில்லை. 2025-26 ஒன்றிய பட்ஜெட்டில் 5 லட்சம் புதிய தொழில்முனைவோருக்கு 2 கோடி ரூபாய் வரை கடன் என்று அறிவித்தபோதும் "பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர்" என்று அதே பட்டியல்தான் வந்தது. எண்ணப்படாதவளுக்கு ஒதுக்கீடும் இல்லை.

இதற்கு முன்பே இன்னொரு தடை இருக்கிறது. ஒன்றிய அரசின் புத்தொழில் அங்கீகாரம் பெற பிரைவேட் லிமிடெட், எல்எல்பி, பதிவு செய்த கூட்டாண்மை என்று ஏதாவதொரு வடிவம் வேண்டும். ஒருவர் தன் பெயரிலேயே நடத்தும் தனியுரிமைத் தொழில் அதில் சேராது. திப்பித் தீவனம் செய்யும் அக்காவின் தொழில் அப்படிப்பட்டதுதான். அவர் செய்தது புத்தாக்கமா என்ற கேள்வியே அங்கே எழாது. முதல் பக்கத்திலேயே விண்ணப்பம் நின்றுவிடும்.

"எல்லோரும் சொந்த உழைப்பில்தானே மேலே வந்தார்கள்" என்று இந்தப் பகுதியில் அடிக்கடி கேட்கலாம். திருப்பூர் பின்னலாடைத் தொழிலை ஆராய்ந்த சரத் சாரி 2004இல் வெளியிட்ட நூலுக்கு 'சகோதர மூலதனம்' என்ற பொருளில் பெயர் வைத்தார். கவுண்டர் தொழிலாளிகள் முதலாளிகளானதில் உழைப்போடு சொந்தமும் சாதியும் சேர்ந்து வேலை செய்ததை அதில் காட்டினார். அண்ணன் தம்பிகளின் முதல் அது. சாதியால் ஒருமுறை, பெண் என்பதால் ஒருமுறை, இரண்டு முறை அதற்கு வெளியே நிற்பவளுக்குப் பொதுப் பணத்தை விட்டால் வேறு முதல் கிடையாது.

உள்ஒதுக்கீடு கேட்டால் பெண்கள் ஒற்றுமை உடையும் என்கிறார்கள். அரசமைப்புச் சட்டம் இந்தக் கேள்விக்கு எப்போதோ பதில் சொல்லிவிட்டது. 1993இல் நடைமுறைக்கு வந்த பிரிவு 243டி, உள்ளாட்சியில் பட்டியல் சாதி, பழங்குடி இடங்களுக்குள்ளேயே மூன்றில் ஒரு பங்கை அந்தச் சமூகப் பெண்களுக்கு என்று தனியாக எழுதிவைத்தது. தமிழ்நாடு 2016இல் உள்ளாட்சியில் பெண்களின் பங்கைப் பாதியாக உயர்த்தியது. அதனால்தான் இன்று தலித் பெண் ஊராட்சித் தலைவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நாற்காலியில் உட்காரவிடாத சாதி இன்னும் இருக்கிறது என்பது வேறு போராட்டம். ஆனால் அவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிச் சொல்ல முடிகிறது. 2009இல் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு கொடுத்த மாநிலம் இது. உள்ஒதுக்கீடு செல்லும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. பதவியில் ஏற்றுக்கொண்ட நியாயத்தைப் பணத்தில் மட்டும் ஏன் மறுக்க வேண்டும்?

நாம் கேட்க வேண்டியவை எளிமையானவை. ஒவ்வொரு நிதித் திட்டமும் பயனாளிகளைச் சாதியும் பாலினமும் சேர்த்து, மாவட்ட வாரியாக வெளியிட வேண்டும். பெண்களுக்கான நிதியில் தலித், பழங்குடிப் பெண்களுக்கும், பட்டியல் சாதி நிதியில் பெண்களுக்கும் பங்கு எழுதிவைக்க வேண்டும். தனியுரிமைத் தொழிலையும் குழுக்களையும் ஏற்று, பணம் உறுதியான பிறகு நிறுவனப் பதிவுக்கு அரசே செலவு செய்ய வேண்டும். விண்ணப்பமும் நேர்காணலும் தமிழில் இருக்க வேண்டும். தேர்வுக் குழுவில் தலித் பெண்கள் உட்கார வேண்டும்.

இதைப் படிக்கும் நீங்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடலாம். உங்கள் மாவட்டத்தில் இந்த நிதிகளைப் பெற்ற தலித் பெண்கள் எத்தனை பேர் என்ற ஒரே கேள்வி போதும். அந்தக் கணக்கே இல்லை என்று பதில் வந்தால், நம் போராட்டத்தை அங்கிருந்து தொடங்கலாம்.