தோளும் சாய்தளமும்

இரட்டைப் புலவர்களைப் பற்றி இலக்கிய வரலாறுகள் சொல்லும் செய்தியை இங்கே வாசிக்கும் நண்பர்கள் அறிவார்கள். ஒருவர் பார்வையற்றவர், மற்றவர் நடக்க இயலாதவர். முன்னவர் பின்னவரைத் தோளில் சுமக்க, பின்னவர் வழி சொல்ல, இருவரும் ஊர் ஊராகச் சென்று பாடினார்களாம். தில்லைக் கலம்பகம் அவர்கள் பாடியதே. இதைக் கேட்கும் மாணவர்கள் நெகிழ்ந்துபோகிறார்கள், நட்புக்கு இலக்கணம் என்று விடைத்தாளிலும் எழுதுகிறார்கள். அவ்விருவரும் இன்று சிதம்பரம் வந்து, வரி கட்டவோ சான்றிதழ் வாங்கவோ தனித்தனியே போக நேர்ந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி மட்டும் எழுவதில்லை. தோள் கிடைத்துவிட்டால் பாதையைப் பற்றிப் பேச வேண்டியதில்லை என்பது நம்முடைய பழைய பழக்கம்.

பெயர் வைப்பதில் நாம் பின்தங்கியவர்கள் அல்லர். புறநானூற்றின் 28-ஆம் பாட்டு இத்தகைய பிறவிகளை எட்டாக எண்ணி, 'எண்பேர் எச்சம்' என்கிறது. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகை சொன்னது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் இருபத்தொன்று சொல்கிறது. இடையில், 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில், மு. கருணாநிதியின் அரசு 'மாற்றுத்திறனாளி' என்ற சொல்லை ஆட்சிச் சொல்லாக்கியது. நல்ல மாற்றம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் பெயர்ப்பலகையை மாற்ற ஓவியர் ஒருவர் போதும்; வாசற்படியை மாற்றப் பொறியாளர் வேண்டும்.

அந்தப் பொறியாளர் இருப்பது நகராட்சியில், மாநகராட்சியில். விஷயத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். 1995-ஆம் ஆண்டுச் சட்டமும் பொதுக்கட்டடங்களில் சாய்தளம் வேண்டும் என்றது; கூடவே, பொருளாதார வசதிக்கு உட்பட்டு என்றும் சேர்த்துக்கொண்டது. அந்த ஒரு தொடர் இருபது ஆண்டுகளைத் தின்றது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி நழுவவில்லை. அணுகல் விதிகளுக்குப் பொருந்தாத வரைபடத்துக்குக் கட்டட அனுமதி தரக்கூடாது, பணி முடிவுச் சான்றிதழும் தரக்கூடாது என்று 44-ஆம் பிரிவு சொல்கிறது. பழைய பொதுக்கட்டடங்களுக்கு, விதிகள் வெளியான நாளிலிருந்து ஐந்தாண்டுக் கெடு. விதிகள் 2017 ஜூனில் வந்தன. கெடு 2022 ஜூனில் முடிந்தது. ஆனால் அவ்விதிகளில் 15-ஆவது, கட்டாயம் எது, பரிந்துரை எது என்று பிரிக்காமல் வழிகாட்டு நெறிகளைச் சுட்டிவிட்டு நின்றது. 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்சநீதிமன்றம் அவ்விதி சட்டத்துக்கே முரணானது என்று தீர்ப்பளித்து, கட்டாய விதிகளை வகுக்க ஒன்றிய அரசுக்கு மூன்று மாதம் கொடுத்தது. இத்தனைக்குப் பிறகும் ஒருவர் சாய்தளம் இல்லை என்று சொல்ல எங்கே போகிறார்? மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு. சிதம்பரத்துக்காரர் நாற்பது கிலோமீட்டருக்கு மேல் பேருந்தில் கடலூர் வந்து, திங்கட்கிழமைக் குறைதீர் நாளில் மனு நீட்டுகிறார். மனு மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்குப் போகிறது. அவரால் மூன்று சக்கர வண்டி தர முடியும்; அந்த வண்டி ஏறவேண்டிய படியை இடிக்க முடியாது.

கடலூருக்கென்று ஒரு தனிச் சிக்கலும் உண்டு. 2004-இல் ஆழிப்பேரலை, 2011-இல் தானே புயல், 2015-இல் பெருவெள்ளம் கண்ட ஊர் இது. தண்ணீருக்கு அஞ்சி அடித்தளத்தை உயர்த்துவது இங்கே இயல்பு. சாலை போடும்தோறும் தெருவும் உயர்கிறது, வாசலும் உயர்கிறது. சாய்தளத்துக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பது கணக்கு: மூன்றடி உயரத்துக்கு முப்பத்தாறு அடி நீளம் வேண்டும். கட்டி முடித்த பிறகு அந்த இடத்தை எங்கே தேடுவது? மிஞ்சிய ஓரத்தில் செங்குத்தாக ஒரு சிமெண்ட் பூச்சு. அதில் சக்கர நாற்காலி ஏறாது, இறங்கினால் கவிழும். வரைபடத்தில் கேட்டிருந்தால் செலவு சொற்பம். ஆகவேதான் அனுமதி மேசையைச் சொல்கிறேன்.

கட்டுவதோடு வேலை முடிவதுமில்லை. சென்னை மெரினாவில் 1.14 கோடி ரூபாயில் 263 மீட்டர் நீள மரப்பாதை 2022 நவம்பர் 27 அன்று திறக்கப்பட்டது. பதினைந்து நாளுக்குள் மாண்டஸ் புயல் அதன் முனையைச் சிதைத்தது. மாநகராட்சி மறுபடி சீர்செய்தது. தேவனாம்பட்டினக் கடற்கரையில் அப்படி ஒன்று கேட்பவர்கள் பராமரிப்புப் பணத்தையும் சேர்த்தே கேட்கவேண்டும்.

2025 ஏப்ரலில் சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தத்தின்படி உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகள் நியமன உறுப்பினர்களாக அமர வழி பிறந்திருக்கிறது. 1866-இல் நகராட்சியாகி 2021-இல் மாநகராட்சியான கடலூருக்கும் இது பொருந்தும், சிதம்பரம் நகராட்சிக்கும் பொருந்தும். நகர மன்றங்களில் நியமன உறுப்பினருக்கு அரசியல் சட்டம் வாக்குரிமை தருவதில்லை. அதைச் சொல்லிச் சலித்துக்கொள்ளும் நண்பர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வாக்கு இல்லாவிட்டாலும் வாய் இருக்கிறது, கேட்டது கூட்டக் குறிப்பில் ஏறும். மன்றக் கூட்டப் பொருள் நிரல் பார்வையற்ற உறுப்பினருக்கு ஒலி வடிவில் வருமா, செவித்திறனற்ற உறுப்பினருக்குச் சைகைமொழி பெயர்ப்பாளர் அமர்வாரா என்று அவர் முதல் கூட்டத்திலேயே கேட்கட்டும். அடுத்த கூட்டத்தில், கடந்த ஓராண்டில் பணி முடிவுச் சான்றிதழ் பெற்ற பொதுக்கட்டடங்களின் பட்டியலையும், அவற்றில் எத்தனைக்குச் சாய்தளம் அளந்து பார்க்கப்பட்டது, அளந்தவர் யார் என்பதையும் கேட்கட்டும்.