நட்சத்திர ரெயிலில் ஒரு சிறுவன்

"நடக்க முடியாத கதையைப் படித்து என்ன பயன்?" என்று கேட்பவர்கள் உண்டு. "சாவு வரும் கதையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?" என்று அஞ்சும் பெற்றோரும் உண்டு. இந்த இரண்டு கேள்விகளுக்கும் ஒரு சிறிய ஜப்பானிய நாவல் பதில் சொல்கிறது.

"பால்வெளி ரெயிலில் ஓர் இரவு" என்பது அதன் பெயர். எழுதியவர் கென்ஜி மியாசாவா. விவசாயப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். 1933-ல் 37 வயதில் இறந்தார். மறு ஆண்டுதான் இந்தக் கதை அச்சில் வந்தது.

ஏழைச் சிறுவன்

ஜியோவானி ஏழைச் சிறுவன். தாய் நோயாளி. கடலுக்குப் போன தந்தை திரும்பவில்லை. பள்ளி விட்டதும் அவன் அச்சகத்தில் எழுத்துப் பொறுக்கிக் கூலி வாங்குகிறான். மற்றப் பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். காம்பனெல்லா என்ற நண்பன் மட்டும் கேலி செய்வதில்லை.

திருவிழா இரவு. ஊர்ப் பிள்ளைகள் ஆற்றில் விளக்கு விடப் போகிறார்கள். தாய்க்குப் பால் வாங்கப் புறப்பட்ட ஜியோவானி, தனியே குன்றின் மேல் படுக்கிறான். கண் மூடித் திறந்தால், ரெயிலில் இருக்கிறான்! எதிரே காம்பனெல்லா. அவன் சட்டை நனைந்தது போல் இருக்கிறது. நட்சத்திரங்களுக்கு நடுவே ரெயில் ஓடுகிறது. பறவை பிடிப்பவன் ஒருவன் ஏறுகிறான். அவன் தரும் பறவை மிட்டாய் போல் இனிக்கிறது! கப்பல் மூழ்கி இறந்த பிள்ளைகளும் ஏறுகிறார்கள்.

திடீரென்று காம்பனெல்லாவைக் காணோம். ஜியோவானி விழித்துக் கொள்கிறான். ஆற்றங்கரையில் ஒரே கூட்டம். ஜியோவானியைக் கேலி செய்த பையன் தண்ணீரில் விழுந்தானாம். அவனைக் காப்பாற்றக் குதித்த காம்பனெல்லா கரை ஏறவே இல்லை!

கனவு எதற்கு?

"சிறுவன் ஆற்றில் மூழ்கி இறந்தான்" என்று எழுதினால் அது ஒரு வரிச் செய்தி. அந்த நண்பனோடு கடைசியாக ஒரு பயணம் போக, கனவு வேண்டியிருக்கிறது. மியாசாவாவின் அருமைத் தங்கை தோஷி 1922-ல் இறந்தார். மறு ஆண்டு அந்தத் துயரத்தோடு அவர் ரெயிலிலும் கப்பலிலும் வடக்கே சகாலின் தீவு வரை போய் வந்தார். அந்தப் பயணத்தை அறிந்தவர்களுக்கு இந்த ரெயில் வெறும் கற்பனையாகத் தோன்றாது.

பிள்ளைகளுக்குச் சாவு தெரியாது என்று பெரியவர்கள் நினைக்கிறார்கள். பாட்டி படுத்த கட்டில் காலியாகக் கிடப்பதைப் பிள்ளையும் பார்க்கிறது. யாரும் பேசாவிட்டால் அது தனியே அஞ்சும். ஆகவே, இத்தகைய கதையைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டுப் போய்விடக் கூடாது. இரவுச் சாப்பாடு முடிந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்ட வேண்டும். வாயால் சொன்னாலும் போதும். பிள்ளை அழுதால் அழட்டும். கேட்டால் பதில் சொல்லுங்கள். பதில் தெரியாவிட்டால், "தெரியாது" என்று சொல்லுங்கள். பொய் மட்டும் சொல்ல வேண்டாம்.

நண்பனை இழந்த ஜியோவானி ஆற்றங்கரையிலேயே நின்றுவிடவில்லை. பாலை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடுகிறான். அங்கே தாய் காத்திருக்கிறாள்!