கொலை வாளைக் காணோம்!

ரிடையராகிறவருக்கு என்ன பரிசு தருவது என்பதில் நம்ம ஆபீஸ்களுக்குக் கற்பனை ரொம்பக் கம்மி. இனிமேல் மணியே பார்க்க வேண்டாத மனுஷனுக்குச் சுவர்க் கடிகாரம்! திண்டுக்கல்லாச்சே, பூட்டு கொடுக்கலாம் என்று ஒருத்தர் சொன்னாராம். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டுதான். ஆனாலும், கடைசி நாளன்று கையில் பூட்டைத் திணித்தால் என்ன நினைப்பார்?

நண்பன் என்னைப் பிடித்தான். “நீதான் எழுதறவனாச்சே, சொல்லு. பதினாலு பேர், தலைக்கு 250. சூப்பிரண்டெண்ட் ஸாருக்குப் பொன்னியின் செல்வன்னா உயிர்.”

3,500 என்று என் பி.காம். மூளை உடனே கூட்டிவிட்டது. அந்தப் பணத்துக்குப் பதிப்புகள் உண்டு, குழப்பமும் உண்டு. 1950-லிருந்து 1954 வரை கல்கி வாரா வாரம் எழுதிய கதை. தொண்ணூறுகளின் கடைசியில் நாட்டுடைமையானதும் ஆளாளுக்கு அச்சடிக்க ஆரம்பித்தார்கள். 2022-ல் மணிரத்னம் படம் வந்ததும் கேட்கவே வேண்டாம்.

அட்டையைத் தடவி மயங்காதீர்கள் ஸார். நடுவில் பிரித்து மேஜைமேல் வையுங்கள். படக்கென்று மூடிக்கொண்டால் வெறும் பசை பைண்டிங். இரண்டாம் தடவை படிக்கும்போது வந்தியத்தேவன் குதிரையோடு கழன்று விழுவான். நூல் தைத்த கட்டாகக் கேளுங்கள். அத்தியாயக் கணக்கைச் சட்டைப் பையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: 57, 53, 46, 46, 91. ஆக மொத்தம் 293. குறைந்தால் சுருக்கப் பதிப்பு. மணியம் படங்கள் இருக்கிறதா என்றும் பாருங்கள். நாட்டுடைமையானது கல்கியின் எழுத்துதான், மணியத்தின் கோடுகள் அல்ல.

இத்தனையும் கேட்டுவிட்டு நண்பன் இழுத்தான். “அவர்கிட்ட ஏற்கெனவே இருக்குடா... அவங்கம்மா பைண்டு பண்ணினது.”

அம்மா இப்போது இல்லை. கதை மறுபடி தொடராக வந்தபோது பத்திரிகையிலிருந்து பக்கங்களைப் பிரித்துச் சேர்த்தவர். ஓரத்தில் பென்சிலில் பால் கணக்குகூட இருக்குமாம். ஐந்தில் மூன்றாவது பாகமான ‘கொலை வாள்’ மட்டும் இரவல் போய்ப் பதினைந்து வருஷம். வாங்கினவர் யாரென்று ஸாருக்குத் தெரியும். சொல்ல மாட்டார்.

“அப்போ பெட்டி செட் எதுக்கு? அந்த ஒண்ணைத் தேடு” என்றேன். ஆபீஸில் பெரிய ரகளை. மேடையில் கொடுக்க ஒற்றைப் பழைய புத்தகமா, போட்டோவில் எப்படித் தெரியும் என்று ஒரு கோஷ்டி. விடாமல் மதுரைக்குப் போய்ப் பழைய புத்தகக் கடைகளில் தூசி தின்றோம். ஒரு பைண்டு அகப்பட்டது. ஆனால் மணியம் படம். அம்மா சேர்த்ததோ வினு வரைந்தது. “கதை ஒண்ணுதானே தம்பி” என்றார் கடைக்காரர். எப்படி ஒண்ணு? மூன்றாம் பாகத்தில் மட்டும் நந்தினிக்கு வேறு முகமா?

நாலாம் நாள் காலை நண்பனின் மேஜைமேல் செய்தித்தாள் சுற்றிய ஒரு பார்சல். பெயரில்லை, சீட்டில்லை. கொலை வாள்! பால் கணக்கோடு. பதினாலு பேரும் குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நண்பன் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அதில் எனக்கு அவன்மேல் மரியாதை.

முதுகு மட்டும் கிழிந்திருந்தது. பைண்டரிடம் கொண்டுபோனோம். கட்டை இறுக்கிக்கொண்டே, “ஓரத்தைக் கொஞ்சம் வெட்டிரலாமா, பளிச்சுனு இருக்கும்” என்றார். வெட்டினால் பால் கணக்கு போய்விடும். “தொடாதீங்கண்ணே” என்று நண்பன் அங்கேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டான். வேலை முடியும்வரை எழுந்திருக்கவில்லை. மிச்சப் பணத்தில் பிரியாணி.