நீலி நடந்த சாலை

இரவில் ஒரு பெண் வழிமறித்து, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்டால் கொடுக்கக்கூடாது. கொடுத்தவன் மறுநாள் பனைமரத்தடியில் நகமும் முடியுமாகத்தான் மிஞ்சுவான். தென் திருவிதாங்கூரின் பாட்டிமார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்த எச்சரிக்கை இது. நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் நடுவில் இருக்கும் கொல்லயில் போன்ற எல்லைக் கிராமங்களுக்கு இது வெறும் கதையல்ல, வழித்தகவல். காரணம், அந்த யட்சி நின்றதாகச் சொல்லப்படும் சாலை இந்தப் பக்கமாகத்தான் போகிறது.

அந்த யட்சிக்கு 2025 ஓணத்தின்போது புதிய வேலை கிடைத்தது. டொமினிக் அருண் இயக்கி, துல்கர் சல்மான் தயாரித்த ‘லோகா: சாப்டர் 1 - சந்திரா’ படத்தில் அவள் பெங்களூரில் இரவு வேலைக்குப் போகும் இளம்பெண். கல்யாணி பிரியதர்ஷன் ஏற்ற சந்திரா வேறு யாருமல்ல, கள்ளியங்காட்டு நீலிதான். படம் உலகெங்கும் 300 கோடி ரூபாய்க்கு மேல் வசூலித்தது. அதுவரை எந்த மலையாளப் படமும் அந்தத் தொகையைத் தொட்டதில்லை. தமிழிலும் மொழிமாற்றம் செய்யப்பட்டு ஓடியது. பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு ஒரு சூப்பர் ஹீரோயின் கிடைத்துவிட்டாள் என்று தமிழ் ரசிகர்கள் கைதட்டினார்கள்.

கைதட்டியவர்கள் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. அவள் பக்கத்து வீட்டுக்காரி அல்ல. பொய்யாக அழும் குழந்தையை “நீலிக் கண்ணீர் வடிக்காதே” என்று அதட்டும் ஒவ்வொரு தமிழ்த் தாயும் அவள் பெயரைத்தான் சொல்கிறாள்.

படத்தின் கேரளக் குறிப்புகளை ரசிகர்கள் சல்லடை போட்டுச் சலித்துவிட்டார்கள். கடமற்றத்துக் கத்தனார், சாத்தன், ஒடியன், குரலாக மட்டும் வரும் மம்மூட்டி எல்லாம் பேசப்பட்டாயிற்று. பேச்சு போய் முடிந்த இடம் கொட்டாரத்தில் சங்குண்ணியின் ‘ஐதிகமாலை’. 1909 முதல் எட்டுப் பாகங்களாக வெளிவந்த அந்தத் தொகுப்பில் கத்தனார் கதை இருக்கிறது. திருவனந்தபுரத்திலிருந்து பத்மநாபபுரம் போகும் வழியில் ஒரு யட்சி பயணிகளைக் கொன்றுவந்தாள். மந்திரம் கற்ற பாதிரியாரான கத்தனார் அவள் தலையில் இரும்பு ஆணியை இறக்கி அடக்கினார். பிறகு அவள் பருமலைக்குப் பக்கத்துப் பனயன்னார் காவில் கட்டுப்பட்டாள்.

கதை நடந்த வழியைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். திருவனந்தபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை, குழித்துறை, தக்கலை, பத்மநாபபுரம். பாதி ஊர்கள் இன்று கேரளத்தில், மீதி தமிழ்நாட்டில். கள்ளியங்காடு இன்னும் தெற்கே, நாகர்கோவிலை ஒட்டி இருக்கிறது. ஐதிகமாலையில் கதை கத்தனாருடையது. அந்தப் பெண் ஏன் யட்சி ஆனாள் என்பது அங்கே பெரிய விஷயமல்ல. அதற்குப் பதில் சாலையின் தெற்கு முனையில் கிடைக்கிறது.

தென் திருவிதாங்கூரின் வில்லுப்பாட்டுப் புலவர்கள் பாடிய நீலி கதை இடத்துக்கு இடம் மாறும். எலும்புக்கூடு மட்டும் ஒன்று. ஒருவனை நம்பி ஒரு பெண் காட்டு வழியே வருகிறாள். நகைக்காக அவளைக் கல்லால் அடித்துக் கொல்கிறான். சாட்சிக்கு மனிதர் யாருமில்லை; பக்கத்தில் நின்ற கள்ளிச் செடியைச் சாட்சியாக்கிவிட்டு அவள் சாகிறாள். மறுபிறவியில் அவன் வணிகன், அவள் நீலி. கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, “இவர் என் கணவர்” என்று ஊர்ச் சபையின் முன் அழுகிறாள். அவன் பயந்து மறுக்கிறான். அவன் உயிருக்கு எழுபது பெரியவர்கள் தங்கள் உயிரைப் பிணை வைத்து இருவரையும் ஓர் அறைக்குள் அனுப்புகிறார்கள். விடியும்போது அவன் பிணம். எழுபது பேரும் சொன்ன சொல்லுக்காக உயிர் விடுகிறார்கள்.

வடக்கே திருவாலங்காட்டுக்குப் பக்கத்துப் பழையனூரிலும் இதே கதைதான். சம்பந்தர் தேவாரத்திலேயே இதற்குக் குறிப்பு உண்டு. சேக்கிழார் அந்தப் பெரியவர்களின் வாக்குத் தவறாமையைப் புகழ்ந்தார். சமணர்கள் நீலியை வாதத்தில் வல்லவளாக்கி ‘நீலகேசி’ என்ற காப்பியமே எழுதினார்கள். அதை 1936இல் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி பதிப்பித்தார். சைவம் அவளை எச்சரிக்கையாக்கியது, சமணம் மனம் மாற்றியது, கத்தனார் ஆணி அடித்தார். பேச்சுத் தமிழில் மிஞ்சியது கண்ணீர் மட்டும், அதுவும் பொய்க் கண்ணீர் என்ற பட்டத்தோடு. முதலில் அவளைக் கொன்றவன் பெயரில் பழமொழி எதுவும் இல்லை.

வில்லுப்பாட்டு மட்டும் வழக்கை முதலிலிருந்து விசாரிக்கிறது. நாண் கட்டிய வில்லில் மணிகள் குலுங்க வீசுகோல் விழுகிறது. குடமும் உடுக்கையும் தாளமும் சேர்ந்துகொள்கின்றன. பழி வாங்கும் நீலிக்கு முன்னால் கொலையுண்ட பெண் பேசுகிறாள். அதனால்தான் தெற்கே அவள் பேயாக நின்றுவிடவில்லை. யட்சி என்ற சொல் இசக்கி ஆயிற்று. இசக்கி அம்மன் ஆனாள். ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்து முப்பந்தலில் லாரி டிரைவர்கள் வண்டியை நிறுத்திக் கும்பிட்டுவிட்டுப் போகும் இசக்கி அவள்தான். குழந்தை ஏந்தி நிற்கும் அவளிடம் பிள்ளை வரம் கேட்டுத் தொட்டில் கட்டுகிறார்கள்.

இந்தப் பாட்டுக்கு எல்லை கிடையாது. நெய்யாற்றின்கரைப் பக்கம் இதே கலைக்கு வில்லடிச்சான் பாட்டு என்று பெயர். மலையாள ஆய்வாளர்கள் ‘தெக்கன் பாட்டுகள்’ என்று தொகுத்த பாடல்களின் மொழியில் எது தமிழ், எது மலையாளம் என்று பிரிப்பது சுலபமல்ல. பிரித்தது 1956 நவம்பர் 1. அன்று கல்குளம், விளவங்கோடு உள்ளிட்ட நான்கு தெற்குத் தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்கு வந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில், கேரள அரசின் பராமரிப்பில். ஆண்டுதோறும் நவராத்திரிக்கு அங்கிருந்து புறப்படும் சரஸ்வதி சிலை இதே சாலையில் திருவனந்தபுரம் போய்த் திரும்புகிறது. தெய்வங்களுக்குக் கிடைத்த வழியனுமதி பாட்டுக்குக் கிடைக்கவில்லை. வில்லுப்பாட்டு தமிழ்ப் பாடத்துக்குள் போயிற்று, ஐதிகமாலை மலையாளப் பாடத்துக்குள். நீலி இரண்டாகப் பிரிந்தாள்.

‘லோகா’வின் இசையிலும் இந்தப் பழைய உறவு எட்டிப் பார்க்கிறது. ஜேக்ஸ் பிஜாயின் பின்னணி இசைக்கு நடுவே ஒரு காட்சியில் ‘கிளியே கிளியே’ என்ற பழைய பாட்டு புது வேடத்தில் வந்து தியேட்டரை ஆட வைத்தது. மம்மூட்டியின் பழைய படப் பாட்டு, மகன் தயாரித்த படத்தில் என்று ரசிகர்கள் மகிழ்ந்தார்கள். 1983இல் வந்த ‘ஆ ராத்ரி’ அந்தப் படம். மெட்டு இளையராஜாவுடையது, பாடியவர் எஸ். ஜானகி. எழுதியவர் 2021இல் மறைந்த பூவச்சல் காதர். அவர் ஊரான பூவச்சல் காட்டாக்கடைக்குப் பக்கத்தில், இதே தென் மூலையில்தான் இருக்கிறது. பண்ணைபுரத்து மெட்டுக்குப் பூவச்சலில் சொல் கிடைத்த காலம் ஒன்று இருந்தது.

படத்தை எடுத்தவர்கள் நீலிக்கு நியாயம் செய்யாமல் இல்லை. இதில் அவள் பழங்குடிச் சிறுமி. அவள் கோயிலுக்குள் கால் வைத்ததற்காக மன்னனின் ஆட்கள் அவளுடைய மக்களையே அழிக்கிறார்கள். கத்தனார் ஆணியோடு வரவில்லை, தோழராக வருகிறார். அவளுக்கும் ஒரு காரணம் இருந்திருக்க வேண்டும் என்று படம் யோசித்திருக்கிறது. வில்லுப்பாட்டுப் புலவன் பல தலைமுறைக்கு முன்பே யோசித்தது அதைத்தான்.

அந்தப் புலவனுக்கு இன்று இரவு போதவில்லை. விடிய விடிய நடந்த பாட்டு பல கோயில்களில் சில மணி நேரமாகச் சுருங்கிவிட்டது. நேரம் குறைந்தால் கதையில் எதை வெட்டுவது? பழிவாங்கும் கட்டத்தை வெட்ட முடியாது. கூட்டம் அதற்குத்தான் காத்திருக்கும். வெட்டுப்படுவது முதல் பாதி. அது போனால் காட்டில் செத்த பெண்ணும் போவாள்; சாட்சிக்கு நின்ற கள்ளியும் போகும்.

மிச்சம் இருப்பது பொய்க் கண்ணீர் மட்டும்.