போட்டிருப்பதும் ஏறுவதும்

"சார்ஜ் போட்டிருக்கிறேன்" என்பதும் "சார்ஜ் ஏறுகிறது" என்பதும் ஒன்றல்ல. யாரும் சொல்லிக்கொடுக்காமலே நம் பேச்சுத்தமிழ் இந்த வேறுபாட்டைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறது. போடுவது நம் செயல். ஏறுவது பேட்டரிக்குள் நிகழ்வது. மடிக்கணினித் திரையின் மூலையில் தெரியும் மின்னல் குறி முதலாவதைத்தான் உறுதியாகச் சொல்கிறது. இரண்டாவதையும் அதுவே சொல்வதாக நாம் எடுத்துக்கொள்கிறோம். இந்த இடைவெளியில் ஒரு முதியவரின் நான்காண்டு உழைப்பு இரண்டு மாதம் முடங்கிக் கிடந்ததைப் பார்த்த பிறகு, இது குறித்து எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றியது.

அவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். எழுபத்தைந்தைக் கடந்தவர். தம் ஊர்ப்பக்கத்து உழவுச் சொற்களைத் திரட்டுகிறார். ஏரின் உறுப்புகள், கமலையின் உறுப்புகள், மாட்டுக்கு வரும் நோய்கள், மண்ணின் வகைகள் எனப் பல ஆண்டுகளாக அட்டைகளில் எழுதி வைத்திருந்தவற்றைக் கடந்த நான்காண்டுகளாக மடிக்கணினியில் ஏற்றிவருகிறார். மாதம் ஒருமுறை தொலைபேசியில் பேசுவோம். எந்த எழுத்துவரை வந்திருக்கிறார் என்பதை அவரே சொல்வார். இம்முறை இரண்டு மாதமாகப் பேச்சே இல்லை. நானே அழைத்தபோது, "அதை நிறுத்திட்டேன் தம்பி. மறுபடி அட்டைக்கே போயிட்டேன்" என்றார். குரலில் வருத்தம்கூட இல்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

நடந்தது இதுதான். கணினியோடு வந்த சார்ஜரின் வயர் கழுத்துப்பகுதியில் நைந்துபோயிற்று. விடுமுறைக்கு வந்த மகன் தன் கைப்பேசி சார்ஜர் ஒன்றை விட்டுச் சென்றிருந்தான். அதன் முனை கணினியில் சரியாகப் பொருந்தியது. மின்னல் குறியும் தோன்றியது. ஆனால் காலை பத்து மணிக்கு எழுத உட்கார்ந்தால் இரண்டு மணிவாக்கில் கணினி அணைந்துவிடும், வயர் செருகியபடியே இருக்க. பழுதுபார்க்கும் கடைக்குக் கணினியையும் அந்தச் சார்ஜரையும் எடுத்துப் போயிருக்கிறார். போர்டு போய்விட்டது, பதினான்காயிரம் ஆகும், அதற்குப் புதிதே வாங்கிவிடலாம் என்று பதில் கிடைத்திருக்கிறது. ஓய்வூதியக்காரருக்குப் பதினான்காயிரம் சிறிய தொகை அல்ல. வீட்டுக்கு வந்து அட்டைப்பெட்டியைத் திறந்துவிட்டார்.

நான் போனபோது முதலில் பார்த்தது சார்ஜரின் முதுகில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதை. பலர் அதைப் படிப்பதே இல்லை. 5 வோல்ட்டில் 3 ஆம்பியர், 9 வோல்ட்டில் 2 ஆம்பியர், 12 வோல்ட்டில் ஒன்றரை ஆம்பியர். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். ஆக, அந்தச் சார்ஜர் எப்படித் தலைகீழாக நின்றாலும் 18 வாட்டுக்குமேல் தராது. நைந்துபோன பழைய சார்ஜரில் 20 வோல்ட், 3.25 ஆம்பியர் என்றிருந்தது. அதாவது 65 வாட்.

அடுத்து, கணினியை முற்றிலும் அணைத்து அரைமணி நேரம் சார்ஜில் போட்டோம். 12 விழுக்காடாக இருந்தது 33 ஆயிற்று. பிறகு அவரையே உட்கார்ந்து வழக்கம்போல எழுதச் சொன்னேன். திரை வெளிச்சம் முழுதாக, பின்னணியில் நிழற்படமெடுத்த பழைய அகராதிகள் நான்கைந்து திறந்தபடி. அரைமணியில் 33 என்பது 28 ஆயிற்று. மின்னல் குறி அசையாமல் நின்றுகொண்டிருந்தது. பேட்டரியில் ஏற்ற முடிகிறது, ஆகவே போர்டு கெடவில்லை. இயங்கும்போது கணினி உண்பது சார்ஜர் ஊட்டுவதைவிட அதிகம், ஆகவே பேட்டரி இறங்குகிறது. இரவில் இடி மின்னலுக்கு அஞ்சி எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிடுவது அவர்கள் வீட்டு வழக்கம். அந்த ஒரு வழக்கம் இல்லாதிருந்தால் இரவில் நிரம்பிய பேட்டரி பகலைத் தாண்டியிருக்கும், அவருக்குச் சந்தேகமே வந்திருக்காது.

இதைக் கண்டறிய எனக்கு வேண்டியிருந்தவை ஒரு கடிகாரமும் ஒரு துண்டுத்தாளும்தான். கடைக்காரரிடம் இரண்டுமே இருந்திருக்கும். அவர்மீது எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் பொய்யாகும். ஆனால் அவரைவிடப் பெரிய குற்றவாளி அந்த மின்னல் குறி என்று நினைக்கிறேன்.

இங்கே ஒரு பழைய பொருளை நினைவுகூர வேண்டும். திருவொற்றியூரில் 1950களின் நடுப்பகுதி முதல் உருவாகிவந்த என்ஃபீல்டு புல்லட் மோட்டார் சைக்கிளின் முகப்பு விளக்குக்கு மேலே, அக்காலத்தில் ஒரு சிறிய வட்ட அளவி இருந்தது. அம்மீட்டர். நடுவில் நிற்கும் முள், பேட்டரிக்குள் மின்னோட்டம் போனால் ஒரு பக்கம் சாயும், வெளியேறினால் மறுபக்கம் சாயும். இரவில் விளக்கைப் போட்டுக்கொண்டு வண்டியை மெதுவாக உறும விட்டால் முள் இறக்கத்தின் பக்கம் சாய்வதையும், முடுக்கினால் மீள்வதையும் ஓட்டுபவர் பார்ப்பார். அவருக்கு மின்னியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஏறுகிறதா, இறங்குகிறதா என்பது கண்ணுக்குத் தெரிந்தது. எழுபதாண்டுகளுக்கு முந்தைய இருசக்கர வண்டி தன் உரிமையாளருக்குத் தந்த அந்தச் செய்தியை, இன்று எழுபதாயிரம் ரூபாய்க்கு விற்கும் மடிக்கணினி தருவதில்லை.

தர இயலாததால் அல்ல என்பதுதான் எரிச்சல். பேட்டரிக்குள்ளேயே ஒரு சிறு சில்லு, உள்ளே போகும் மின்னூட்டத்தையும் வெளியே வரும் மின்னூட்டத்தையும் ஓயாமல் எண்ணிக்கொண்டிருக்கிறது. திரையில் நாம் காணும் விழுக்காடே அந்தக் கணக்கிலிருந்து பிறந்த ஒரு மதிப்பீடுதான் (மதிப்பீடு என்பதைக் கவனிக்கவும், பேட்டரி பழையதாக ஆக இந்தக் கணக்கில் பிழை சேரும், 20 விழுக்காட்டில் திடீரென்று அணைந்துபோகும் கணினிகள் அதனால்தான்). லினக்ஸ் இயங்கும் பல கணினிகளில் அந்த நொடியின் மின்திறன் ஒரு கோப்பில் எண்ணாகவே எழுதப்பட்டுக்கொண்டிருக்கும், தேடிப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு. மேக் கணினியில் ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ பகுதியில் ‘பவர்’ என்ற தலைப்பின்கீழ், இணைந்திருக்கும் சார்ஜர் எத்தனை வாட் என்பதும் பேட்டரி எத்தனை சுற்று கண்டிருக்கிறது என்பதும் இருக்கும். விண்டோஸில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, பவர் என்ற ஆங்கிலச் சொல்லோடு சி, எஃப், ஜி என்ற மூன்றெழுத்தை ஒட்டி எழுதி, ஓர் இடைவெளி விட்டு, ஒரு சாய்கோடு இட்டு, பேட்டரி, ரிப்போர்ட் என்ற இரு சொற்களையும் சேர்த்தெழுதி என்டர் தட்டினால் ஓர் அறிக்கை உருவாகும். (இதை இப்படித்தான் விளக்கவேண்டியிருக்கிறது என்பதே என் புகாரில் ஒரு பகுதி.) அதில் பேட்டரி பிறந்தபோது கொள்ளத்தக்கதாக இருந்த அளவும் இப்போது கொள்ளும் அளவும் அடுத்தடுத்து இருக்கும். ஆசிரியருடையது 45,000 மில்லிவாட்-மணியில் தொடங்கி 33,000க்கு வந்திருந்தது. மூப்புதான், ஆனால் சாவு அல்ல.

சார்ஜரும் கணினியும் தமக்குள் பேசிக்கொள்கின்றன என்பது பலருக்குத் தெரியாது. இன்றைய டைப்-சி முனைகளில் சார்ஜர் தன்னால் தர இயன்ற மின்னழுத்தங்களை வரிசையாகச் சொல்லும். கணினி ஒன்றைத் தேர்ந்து கேட்கும். நடுவில் உள்ள வயருக்கும் ஒரு குரல் உண்டு. தன்னை அறிவிக்கும் சில்லு இல்லாத வயர் வழியே 3 ஆம்பியருக்குமேல் செலுத்தக்கூடாது என்பது விதி, அதாவது 20 வோல்ட்டில் 60 வாட். 2021இல் திருத்தப்பட்ட விதிகளின்படி உரிய வயரில் 240 வாட் வரை போகலாம். இவை அனைத்தும் ஒரே வடிவமுள்ள முனைக்குள் நடக்கின்றன. பார்வைக்கு எல்லா வயரும் ஒன்றுபோல. மாட்டுச்சந்தையில் தரகர்கள் துண்டுக்குள் விரல்பிடித்து விலை பேசுவார்கள், பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. அங்கேயாவது மாட்டின் சொந்தக்காரனுக்கு விலை தெரிந்துவிடும். இங்கே சொந்தக்காரனுக்கும் தெரிவதில்லை. சில கணினிகள் 5 வோல்ட்டை அடியோடு மறுத்துவிடுகின்றன. சில, மெதுவான சார்ஜர் என்று ஒரு வரி காட்டி மறைத்துவிடுகின்றன. சில, கிடைத்ததை வாங்கிக்கொண்டு மின்னல் குறியை ஏற்றிவிட்டு மௌனமாக இருக்கின்றன. இன்னும் சிலவற்றில் இரண்டு டைப்-சி துளைகள் இருக்கும், ஒன்று மட்டுமே சார்ஜ் ஏற்கும்.

அழகுக்காகச் செய்தியைக் கைவிடும் போக்கும் இதில் சேர்ந்துகொண்டது. ஆப்பிள் நிறுவனம் 2006இல் கொண்டுவந்த காந்தமுனை சார்ஜரின் தலையிலேயே ஒரு விளக்கு இருந்தது. ஏறும்போது செம்மஞ்சள், நிரம்பினால் பச்சை. 2016இல் மேக்புக் புரோவிலிருந்து அந்த முனை நீக்கப்பட்டபோது விளக்கும் போயிற்று. 2021இல் இரண்டும் திரும்பி வந்தன. ஐந்தாண்டு, பல லட்சம் பேர் பச்சையும் இல்லாமல் மஞ்சளும் இல்லாமல் இருந்தார்கள். ஐரோப்பிய ஒன்றியம் பொதுச் சார்ஜர் விதியை மடிக்கணினிகளுக்கு 2026 ஏப்ரல் 28ஐத் தொடக்க நாளாக வைத்தபோது, கருவி எத்தனை வாட் கேட்கும் என்பதை எண்ணாகக் குறிக்கும் அடையாளச் சீட்டையும் அதே விதியில் சேர்த்தது. நல்லதுதான். ஆனால் பெட்டிமேல் அச்சிடும் எண்ணைத் திரைமேல் காட்டினால் என்ன? மின்னல் குறிக்குப் பக்கத்தில் ‘+43 வாட்’ அல்லது ‘-3 வாட்’. நான் கேட்பது அவ்வளவே.

வாட் கணக்கெல்லாம் சாதாரண மனிதருக்குப் புரியாது என்று ஒரு நண்பர் மறுத்தார். மின்வாரிய அட்டையில் யூனிட் பார்த்து, போன முறையைவிட ஏன் கூடிற்று என்று கேட்காத வீடு எது? ஒரு யூனிட் என்பது ஆயிரம் வாட்-மணி. ஐம்பது வாட்-மணி பேட்டரியை இருபது முறை நிரப்பினால் ஏறத்தாழ ஒரு யூனிட். இது புரியாதவர்கள் என்று யாரைச் சொல்கிறோம்?

செய்தி இல்லாத இடத்தில் நம்பிக்கைகள் முளைக்கின்றன. புதுக் கணினியை முதல்முறை எட்டு மணி நேரம் போட்டு வைக்கவேண்டும், முழுதாக இறக்கித்தான் ஏற்றவேண்டும் என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. அது நிக்கல்-காட்மியம் பேட்டரிகளின் காலத்து அறிவுரை. லித்தியம்-அயனி 1991இல் சோனி வழியாகச் சந்தைக்கு வந்தது, அதை உருவாக்கியவர்களுக்கு 2019இல் நோபல் பரிசும் கிடைத்துவிட்டது, அறிவுரை மட்டும் ஓய்வுபெறவில்லை. லித்தியம் பேட்டரியை அடிக்கடி அடியாழம்வரை இறக்குவதும் கெடுதல், எப்போதும் நூறிலேயே, அதுவும் சூட்டில், வைத்திருப்பதும் கெடுதல். அதனால்தான் இன்றைய கணினிகள் பலவற்றில் 80இல் நிறுத்திவிடும் ஏற்பாடு இருக்கிறது. ஆசிரியர் புதுச் சார்ஜர் வாங்கிய பத்தாம் நாள் பதற்றத்தோடு அழைத்தார், "தம்பி, எண்பதோட நின்னுபோச்சு, ஏறவே மாட்டேங்குது" என்று. பழுது அல்ல, பேட்டரியைக் காக்கும் ஏற்பாடு. அதையும் அந்தக் கணினி அவரிடம் சொல்லவில்லை. கோடையில் மொட்டைமாடி அறையில் உள்ளே சூடு மிகுந்தால் ஏறுவது நின்றுபோவதும் இப்படித்தான்.

ஒன்றில் மட்டும் சோதனையே கூடாது. விசைப்பலகையோ டச்பேடோ மேலெழும்பியிருந்தால், அடிப்பக்கம் மேசையில் சமமாக உட்காராவிட்டால், பேட்டரி ஊதியிருக்கலாம். ஏறுகிறதா என்று பார்க்க வேண்டாம். அணைத்து, வயரை எடுத்துவிட்டுத் தெரிந்தவரிடம் கொண்டுபோக வேண்டும். தீப்பிடிக்கும் அபாயத்தால் 2006 ஆகஸ்டில் டெல் நிறுவனம் சோனி தயாரித்த 41 லட்சம் பேட்டரிகளைத் திரும்பப் பெற்றது நினைவிருக்கலாம்.

ஆசிரியருக்கு ஆன செலவு, வயரோடு சேர்த்து, இரண்டாயிரத்துக்குள். 65 வாட் சார்ஜர், அதற்கேற்ற வயர். இப்போது அவர் மேசையில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. தேதி, நேரம், விழுக்காடு என்று மூன்று பத்திகள். காலையில் ஒருமுறை, எழுந்திருக்கும்போது ஒருமுறை எழுதுகிறார். வேண்டாம் ஐயா, அவ்வளவு தேவையில்லை என்றேன். "இருக்கட்டும், அது சொல்றதை நான் கேட்டேன், இப்ப நான் பார்க்கிறதையும் எழுதி வச்சுக்கிறேன்" என்றார். சென்ற வாரம் பேசியபோது ‘ப’ வரிசையில் இருந்தார். ‘படல்’ என்ற சொல்லுக்கு அவர் ஊரில் மட்டும் மூன்று பொருள் இருக்கிறதாம்.