சுட்டவர் பெயர் எங்கே?

பிரிட்டனில் எந்தப் பெரிய சூப்பர் மார்க்கெட்டுக்குள் போனாலும் பிரெட் வாசனை நம்மை முந்திக்கொண்டு வரும். அடுக்கில் பழுப்புக் காகிதப் பைகளில், மேலே மாவு தூவி, கத்தியால் கீறிச் சுட்ட உருண்டை பிரெட்கள் இருக்கும். பையில் 'ஆர்ட்டிசன்' என்றோ 'சவர்டோ' என்றோ எழுதியிருக்கும். அதற்கு மேலே பெரிய எழுத்தில் கடையின் பெயர். அந்த பிரெட்டைச் சுட்ட பேக்கரியின் பெயர் மட்டும் பெரும்பாலும் எங்குமே இருக்காது.

இதற்கு ஒரு சமாதானம் பரவலாகச் சொல்லப்படுகிறது. "நல்ல பேக்கரியில் சுட்ட அதே பிரெட்தான், பெயர் மட்டும் கடையுடையது. வாங்குகிறவருக்கு விலை குறைவு, பேக்கரிக்கு நிரந்தர வியாபாரம். யாருக்கு என்ன நஷ்டம்?" விவரம் தெரிந்தவர்கள்கூட இதை ஒப்புக்கொள்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. இந்தச் சமாதானத்தையும் அதற்குத் துணையாகச் சொல்லப்படுகிறவற்றையும் சேர்த்தால் ஐந்து வாதங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

முதல் வாதம்: 'அதே பிரெட்தான்'

சவர்டோ என்பது நம் வீட்டு இட்லி மாவுக்கு உறவுக்காரி. மாவு, தண்ணீர், உப்பு மூன்றே பொருள்கள். ஏற்கெனவே புளித்த மாவில் கொஞ்சம் எடுத்துப் புது மாவில் சேர்த்தால், அதிலுள்ள இயற்கை ஈஸ்ட்டும் லாக்டிக் அமில பாக்டீரியாவும் பல மணி நேரம் வேலை செய்து மாவை உப்பவைக்கும். புளிப்பும் மணமும் அந்த நேரத்தில்தான் பிறக்கின்றன. இரவு முழுக்கப் புளித்த இட்லி மாவையும், அவசரத்துக்குச் சோடா உப்பு போட்டுப் பொங்கவைத்த மாவையும் நம் வீடுகளில் யாரும் ஒன்றென்று சொல்ல மாட்டார்கள்.

பிரிட்டனில் நடப்பது இதுதான். கடைகளில் சவர்டோ என்ற பெயரில் விற்கப்படுகிறவற்றில் பலவற்றை, பேக்கரி ஈஸ்ட் சேர்த்து வேகமாக உப்பவைத்து, புளிப்புச் சுவைக்கு உலர்ந்த புளிமாவுத் தூளோ வினிகரோ கலந்து செய்கிறார்கள். சட்டம் இதைத் தடுக்கவில்லை. பிரிட்டிஷ் சட்டத்தில் 'சவர்டோ' என்ற சொல்லுக்கும் வரையறை இல்லை, 'ஆர்ட்டிசன்' என்ற சொல்லுக்கும் இல்லை. 2008இல் தொடங்கப்பட்ட 'ரியல் பிரெட் கேம்பெயின்' என்ற இயக்கம் இந்த வரையறையைத்தான் ஆண்டுக்கணக்காகக் கேட்டு வருகிறது.

இந்த அவசரத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1961இல் ஹெர்ட்ஃபோர்ட்ஷயரின் சோர்லிவுட் ஊரில் இருந்த ஆராய்ச்சிக் கூடம் ஒரு புது முறையைக் கொண்டுவந்தது. மாவை அதிவேக இயந்திரத்தில் சில நிமிடங்கள் அடித்துப் பிசைந்து, கூடுதல் ஈஸ்ட், கெட்டிக் கொழுப்பு, அஸ்கார்பிக் அமிலம் சேர்த்தால் நீண்ட நேரம் புளிக்கவைக்கத் தேவையில்லை. நாட்டின் பெரும்பாலான பிரெட் இந்த வழிக்கு மாறியது. அதில் நிறைவு காணாத சிலர் பழைய முறைக்குத் திரும்பினார்கள். 1976இல் கம்ப்ரியாவின் மெல்மர்பி கிராமத்தில் பேக்கரி தொடங்கிய ஆண்ட்ரூ விட்லி அவர்களில் ஒருவர். 'ஆர்ட்டிசன்' என்ற சொல்லுக்கு இன்று சந்தையில் இருக்கும் மதிப்பு இத்தகையவர்களின் உழைப்பில் வந்தது. அந்த மதிப்பைக் கடை எடுத்துக்கொள்கிறது.

கடைப் பெயரில் வரும் பிரெட் எல்லாமே போலி என்று நான் சொல்லவில்லை. உண்மையிலேயே நல்ல பேக்கரியில் சுட்டு வருவதும் உண்டு. அப்படி என்றால் என் கேள்வி இன்னும் வலுக்கிறது. அதே பிரெட்தான் என்றால் அந்த பேக்கரியின் பெயரை ஏன் மறைக்க வேண்டும்? அதே பிரெட் இல்லை என்றால் 'அதே பிரெட்தான்' என்ற பேச்சு எதற்கு?

இரண்டாம் வாதம்: 'கடையிலேயே சுடச்சுடச் சுடுகிறார்கள்'

கடைக்குள் அடுப்பு இருப்பது உண்மை. ஆனால் பல கடைகளில் அந்த அடுப்புக்குள் போவது மாவு அல்ல. எங்கோ ஒரு தொழிற்சாலையில் முக்கால் வேக்காடு வரை சுட்டு, உறையவைத்து, லாரியில் வந்த பிரெட். மீதி வேக்காட்டைக் கடையில் முடிக்கிறார்கள். மேல்தோல் சிவக்கிறது, வாசனை பரவுகிறது.

இந்தத் தொழில்நுட்பத்தை நான் குறை சொல்லவில்லை. 1989இல் லாஸ் ஏஞ்சலிஸில் நான்சி சில்வர்ட்டன் கூட்டாளிகளோடு தொடங்கிய லா பிரேயா பேக்கரி, இப்படி முக்கால் வேக்காட்டில் உறையவைத்த பிரெட் மூலம்தான் தன் ஊரைத் தாண்டிக் கடைகளுக்குப் போனது. ஆனால் அது 'லா பிரேயா' என்ற தன் பெயரோடு போனது.

வாங்குகிறவருக்கு எது எங்கே நடந்தது என்று தெரிய வேண்டும். பிரான்ஸ் இதைச் சட்டத்திலேயே எழுதிவைத்தது. 1993ஆம் ஆண்டு ஆணையின்படி, 'வீட்டு பிரெட்' என்ற பொருள்படும் பெயரில் விற்க வேண்டுமானால் பிசைவது, உருட்டுவது, சுடுவது மூன்றும் விற்கும் இடத்திலேயே நடக்க வேண்டும். 'பிரெஞ்சு மரபு' என்ற பெயரில் விற்கும் பிரெட்டை எந்தக் கட்டத்திலும் உறையவைக்கக் கூடாது. 1998ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. மாவு பிசைவதிலிருந்து சுடுவது வரை தானே செய்கிறவர்தான் 'பூலான்ஜரி' (பேக்கரி) என்று பெயர்ப்பலகை வைக்கலாம். அதனால் பிரான்சில் கடைப் பலகையே வாங்குகிறவருக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறது.

மூன்றாம் வாதம்: 'லேபிளில் எல்லாம் இருக்கிறதே'

இல்லை. பிரிட்டன் இன்றும் பின்பற்றும் 2011ஆம் ஆண்டின் ஐரோப்பிய உணவுத் தகவல் விதி 1169, யாருடைய பெயரில் பொருள் விற்கப்படுகிறதோ அவருடைய பெயரும் முகவரியும் இருந்தால் போதும் என்கிறது. கடை தன் பெயரில் விற்றால் கடையின் முகவரியே போதும். சுட்டவர் யார், எந்த ஊர் என்று சொல்லும் கட்டாயம் இல்லை. உறையிடாமல் அடுக்கிவைத்த பிரெட்டுக்கு ஒவ்வாமை தரும் பொருள்களைச் சொன்னால் போதும், சேர்பொருள்களின் முழுப் பட்டியல் கட்டாயம் இல்லை. பட்டியல் இருக்கும் பிரெட்டிலும், பதப்படுத்தும் துணைப்பொருளாகக் கருதப்படும் என்சைம்கள் அதில் வர வேண்டியதில்லை.

இதைவிட நேர்மையாக இருக்க முடியாதா? முடியும். உணவு தயாரான அல்லது பொதி செய்யப்பட்ட இடத்தின் முகவரியைப் போட வேண்டும் என்று இத்தாலி 2018 முதல் கட்டாயப்படுத்தியது. அயர்லாந்தின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 'ஆர்ட்டிசன்' என்ற சொல்லைப் பயன்படுத்த நிபந்தனைகள் வைத்தது. தேர்ந்த கைவினைஞர் குறைந்த அளவில் செய்ய வேண்டும், முழுக்க இயந்திரத்தில் செய்யக் கூடாது, ஒரே இடத்தில் இயங்கும் சிறு நிறுவனமாக இருக்க வேண்டும். இந்தியாவிலும் பிராண்டின் உரிமையாளர் ஒருவர், தயாரிப்பவர் வேறொருவர் என்றால், தயாரிப்பவரின் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண்ணும் பொதியில் இருக்க வேண்டும். நம் தெருமுனைக் கடையில் வாங்கும் பொதி சொல்கிற விஷயத்தை லண்டன் கடையின் பிரெட் பை ஏன் சொல்லக் கூடாது?

"ஏதாவது கோளாறு என்றால் தொகுதி எண்ணை வைத்துக் கண்டுபிடித்துவிடலாமே" என்பார்கள். கண்டுபிடிக்கலாம், ஆனால் அதிகாரிகள்தான் கண்டுபிடிக்க முடியும். காசு கொடுத்து வாங்கிச் சாப்பிடுகிறவருக்கு அந்த எண் ஒன்றும் சொல்வதில்லை.

நான்காம் வாதம்: 'மலிவாகக் கிடைக்கிறதே'

பெருமளவில் மாவு வாங்குவதாலும், ஒரே லாரியில் பல கடைகளுக்கு அனுப்புவதாலும் செலவு குறையும். அது நியாயமான சிக்கனம். ஆனால் புளிப்பு பிரெட்டில் பெரிய செலவு நேரம். மாவு புளிக்கக் காத்திருக்கும் மணிகளுக்கு இடம் வேண்டும், குளிர் அறை வேண்டும், இரவு விழித்திருக்கும் ஆள் வேண்டும். இந்தச் செலவு கொள்முதல் சிக்கனத்தால் மறைந்துவிடாது. விலை மிகவும் இறங்கினால், ஒன்று புளிக்கும் நேரத்தை வெட்டியிருப்பார்கள், இல்லையென்றால் சுடுகிறவரின் கூலியை வெட்டியிருப்பார்கள். முதலாவதில் ஏமாறுவது வாங்குகிறவர். இரண்டாவதில் ஏமாறுவது இரவெல்லாம் கண்விழித்தவர்.

பணக்காரர்கள் மட்டும் நல்ல பிரெட் சாப்பிட்டால் போதும் என்று நான் சொல்லவில்லை. குறைந்த வருமானக் குடும்பத்துக்கும் தான் வாங்குவது என்ன என்று தெரிந்து வாங்கும் உரிமை உண்டு. பையில் சுட்டவர் பெயரை அச்சிட ஆகும் செலவு விலையை ஏற்றிவிடப் போவதில்லை.

ஐந்தாம் வாதம்: 'பேக்கரிக்கு நிரந்தர வியாபாரம்'

இதுதான் எல்லாவற்றிலும் தவறான வாதம். பேக்கரி தன் பெயரில் விற்றால், கடை ஒரு நாள் அதை அடுக்கிலிருந்து எடுத்துவிட்டாலும் வாடிக்கையாளர் "அந்த பிரெட் எங்கே?" என்று கேட்பார், வேறு கடையில் தேடுவார், பேக்கரிக்கே நேராகவும் போவார். கடைப் பெயரில் விற்றால் அப்படிக் கேட்க ஒருவரும் இருக்க மாட்டார். அதே பை, அதே எழுத்து, உள்ளே வேறு பேக்கரியின் பிரெட். பத்து ஆண்டுகள் ஊருக்கே பிரெட் சுட்டுக் கொடுத்தவர், ஒப்பந்தம் முடிந்த மறுநாள் யாருக்கும் தெரியாதவராகிவிடுவார். அவர் உழைத்துச் சேர்த்த நற்பெயர் முழுவதும் கடையின் கணக்கில் இருக்கும்.

பேரம் பேசும் பலம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது ஊகம் அல்ல. பெரிய கடைகள் தங்கள் செலவுகளையும் அபாயங்களையும் பொருள் தருகிறவர்கள் தலையில் ஏற்றுகின்றன என்று பிரிட்டனின் போட்டி ஆணையம் 2008இல் தன் விசாரணையில் கண்டறிந்தது. அதன் விளைவாக 2010இல் நடத்தை விதிகள் வந்தன. அவற்றைக் கண்காணிக்க 2013இல் தனி நடுவர் பதவியே உருவாக்கப்பட்டது. இரு தரப்புக்கும் சமமான வியாபாரமாக இருந்திருந்தால் நடுவருக்கு அவசியம் என்ன?

பெயரோடு விற்றும் பெரிதாக வளர முடியும் என்பதற்கு பாரிஸ் சாட்சி. 1932இல் தொடங்கிய புவாலான் பேக்கரி தன் பெரிய உருண்டை பிரெட்டின் மேல்தோலில் 'பி' என்ற எழுத்தைக் கீறிச் சுடுகிறது. வேறு யார் கடை அடுக்கில் இருந்தாலும் அந்த எழுத்து கூடவே போகிறது.

பெயர் போடுவது புதிய கோரிக்கையும் அல்ல. இங்கிலாந்தில் இடைக்காலத்திலேயே பேக்கரிக்காரர் ஒவ்வொருவரும் தமக்கென ஓர் அடையாளத்தை பிரெட்டில் குத்த வேண்டியிருந்தது. எடை குறைந்தால் யாரைக் கேட்பது என்று மக்களுக்குத் தெரிய வேண்டும் என்பதே காரணம். அதற்கும் வெகுகாலம் முன்பு, கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது ஹெர்குலேனியம் நகரில் கருகி அப்படியே நின்றுபோன ஒரு பிரெட் பின்னாளில் தோண்டி எடுக்கப்பட்டது. குயின்டஸ் கிரானியஸ் வேரஸ் என்பவரின் அடிமையான கெலெருடையது அது என்று அதில் குத்திய முத்திரை சொல்கிறது. ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஓர் அடிமையின் பெயருக்கு பிரெட்டில் இடம் இருந்தது.

கடைகள் தங்கள் பெயரைப் போட்டுக்கொள்ளட்டும். அதன் கீழே ஒரே ஒரு வரி சேர்க்கட்டும்: சுட்டவர் யார், எந்த ஊர். சட்டம் அதைக் கட்டாயமாக்க வேண்டும். சட்டம் வரும்வரை வாங்குகிறவர்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. பிரிட்டனில் வாழும் தமிழர்களும் இதில் சேரலாம். அடுத்த முறை பிரெட்டைக் கையில் எடுக்கும்போது கடை ஊழியரிடம் "இதைச் சுட்டது யார்?" என்று கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் கடையின் தலைமை அலுவலகத்துக்கு அதே கேள்வியை எழுதி அனுப்புங்கள். பதில் வரும்வரை கேளுங்கள்.