கொடைக்கானலுக்கு முன்னாடி ஒரு மலைச் சுற்று போகலாமே!

மதுரைக்கு வந்தால் மீனாட்சியைக் கும்பிட்டுவிட்டு, அப்படியே கொடைக்கானலுக்கு வண்டியை விடுவதுதான் பலருக்கும் பழக்கம். மேலூர் சாலை ஓரத்திலேயே யானைமலை படுத்துக் கிடக்கிறது. நின்று பார்ப்பவர்கள் குறைவு.

ஒத்தக்கடை, அரிட்டாபட்டி, மாங்குளம் என அரை நாள் சுற்று போதும். மாங்குளம் குகையில் 2,000 ஆண்டுகளுக்கு முந்தைய தமிழிக் கல்வெட்டில் நெடுஞ்செழியன் பெயரே இருக்கு. அரிட்டாபட்டி, 2022-இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமானது. ஊர் ஜனங்கள் தெருவில் இறங்கியதால்தான் அங்கு டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை 2025 ஜனவரியில் மத்திய அரசு ரத்து செய்தது.

காப்பாத்தின ஊருக்குச் சுற்றுலாவால் என்ன லாபம்? ரிசார்ட் வருவதற்கு முன், உள்ளூர் இளைஞர்களை வழிகாட்டிகளாக்கணும். பெட்ரோலுக்குப் போடுற காசில் கொஞ்சம் அவங்களுக்கும் போகட்டும். மலை முழுசா நின்றால்தான் வருமானம் என்றானால், அடுத்த ஏலத்தை எதிர்க்கவும் தெம்பு இருக்கும்.